அடும்பு பூக்கும் நேரம்

கதாசிரியர்கள் தங்கள் தவறுகளைத் தாங்களே வெளியில் சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. விமரிசகர்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஆனால் சென்ற கார்த்திகையில் கோடியக்கரையில் கழித்த ஒரு பகலுக்குப் பிறகு, என் தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பல வருஷங்களுக்கு முன் கடற்கரைக் கிராமம் ஒன்றை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். சூரியன் மறைகிற வேளை. கதாநாயகன் கப்பலேறப் போகிறான். கதாநாயகி குனிந்து, அப்போதுதான் மலர்ந்த அடும்பம்பூ ஒன்றைப் பறித்து அவன் கையில் கொடுக்கிறாள். அந்த இடத்தைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். எல்லாரையும் போல் ரோஜாவையும் மல்லிகையையும் எழுதாமல் அடும்பை எழுதினேன் அல்லவா? சங்கப் பாட்டில் படித்த பெயர் அது. கொடியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. 1967-ல் சரணாலயமான இடம். பறவை, செடி, கொடி என்றால் பித்துக்கொண்டு அலையும் நண்பர் ஒருவர், விடிவதற்கு முன்பே என்னை எழுப்பி அங்கே இழுத்துக்கொண்டு போனார். முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. வேலியோரப் புதரில் செங்காந்தள் பிழைத்திருந்தது. சற்றுத் தள்ளிப் புல்வெளியில் வெளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்தது. முறுக்கிய கொம்புடன் கறுத்த ஆண் மான் ஒன்று நடுவில் நின்றது.

பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த அட்டவணைப்படி காந்தள் குறிஞ்சிக்கு உரியது. மான் முல்லைக்கு உரியது. இரண்டுக்கும் கடற்கரையில் என்ன வேலை? அட்டவணையை நம்பியவனுக்குத்தான் இந்தச் சங்கடம். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். அவர் நாலு இடம் சுற்றிப் பார்த்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மணல்மேட்டில் ஏறியதும் அடும்பைக் கண்டேன். கொடி ஓடிய இடமெல்லாம் ஊதா கலந்த சிவப்பில் பூக்கள். இலை நடுவில் பிளந்து இரண்டாக நிற்கிறது. நண்பர் பேசாமல் பக்கத்து ஈரமணலைச் சுட்டிக் காட்டினார். மான் ஒன்று நடந்து போன குளம்புச் சுவடு. இலையும் சுவடும் ஒரே அச்சில் வார்த்தது போல் அருகருகே கிடந்தன.

குறுந்தொகையின் 243-ம் பாட்டில் நம்பி குட்டுவன் அடும்பின் இலைக்கு மானின் அடியை உவமை சொல்கிறார். காதலனை நினைக்காமல் இருந்தாலாவது தூக்கம் வருமா என்று ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. நான் பலமுறை படித்து, 'நல்ல கற்பனை' என்று தலையாட்டிய இடம். அன்றைக்குத்தான் அது கற்பனையே இல்லை என்று தெரிந்தது. மணலில் குனிந்து பார்த்த ஒருவர் சொன்ன சாட்சி அது. இலையையும் சுவடையும் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தப் பெண்ணின் தூக்கமின்மையும் தெரிந்திருக்கிறது. ஒன்றை உற்றுப் பார்க்கத் தெரியாதவர் இன்னொன்றை உற்றுப் பார்த்துவிடுவார் என்று நான் நம்பவில்லை.

நம் நாவல்களின் கடற்கரைகளை எண்ணிப் பார்க்கிறேன். அலை புரள்கிறது. நிலவு காய்கிறது. 'ஏதோ ஒரு பறவை' கூவிக்கொண்டு போகிறது. அந்த 'ஏதோ' என்கிற வார்த்தையை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! இதே கோடிக்கரையைக் கல்கி 'பொன்னியின் செல்வ'னில் எழுதினார். 1950-ல் தொடங்கி வாரா வாரம் வந்த அந்தக் கதையில், பூங்குழலியைத் துரத்திப் போன வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கிக்கொள்வது வாசகர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. ஏன்? அந்தச் சேறு வர்ணனைக்காக வந்ததல்ல. அந்த மண்ணில் உள்ளது. கதையும் அதிலேதான் கால் வைக்கிறது.

மத்தியானம் உப்பளங்களுக்கு அப்பால் சதுப்பில் பூநாரைகளைப் பார்த்தோம். தூரத்தில் வெறும் வெள்ளைக்கோடு. 'கொக்குக் கூட்டம்' என்று எழுதிவிட்டு நான் அடுத்த பாராவுக்குப் போயிருப்பேன். நண்பர் தூரதரிசினியைக் கொடுத்தார். நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்துத் தின்றுகொண்டிருந்தன. கூட்டம் எழும்பிச் சிறகு விரித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது. அரைமணி நேரம் காத்திராதவனுக்கு அந்த நிறம் கிடையாது.

பொழுது சாயும்போது அதே மணல்மேட்டுக்குத் திரும்பினோம். என் கதையின் வேளை. ஆவலோடு பார்த்தேன். காலையில் விரிந்திருந்த பூக்களில் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. நனைந்த காகிதம் போல் சுருண்டு தொங்கின. வலைக்கூடையோடு வந்த ஒரு கிழவி நான் தேடுவதைக் கண்டு நின்றாள்.

"என்னங்கய்யா தேடுறீங்க?"

"பூவைத்தான் பாட்டி."

"அது காலம்பரப் பூவாச்சே! வெயில் ஏறினா வாடிப் போயிடும். இந்நேரத்துக்குக் கேட்டா எங்கே கிடைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

என்னைப் பற்றி வந்த விமரிசனங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

அந்தக் கதை இப்போது ஒரு தொகுப்பில் மறுபடியும் அச்சாகப் போகிறது. முதலில் வேளையை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் பிரிந்தால் என்ன? ஆனால் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. கப்பல் மாலையில்தான் புறப்படுகிறது. இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு வழி தெரிந்தது. அவள் காலையிலேயே பூவைப் பறித்து மடியில் முடிந்து வைத்திருக்கிறாள். மாலையில் அவன் எதிரே முடிச்சை அவிழ்க்கிறாள். பூ வாடியிருக்கிறது. அவள் கையை நீட்டுவதில்லை.

நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய காட்சி இதுதான். கோடியக்கரைக்குப் போகாமல் அது எனக்குக் கிடைத்திராது.