பேரீச்சம்பழத்துக்குப் போகாத கம்ப்யூட்டர்கள்

ஒரு வெறும் சர்க்யூட் போர்டு. பெட்டி கிடையாது. கீ-போர்டு, திரை எதுவும் கிடையாது. 1976-ல் இதன் விலை 666 டாலர் 66 சென்ட். 2014 அக்டோபரில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு மியூசியம் இதை 9,05,000 டாலருக்கு வாங்கியது. பெயர் ஆப்பிள்-1. மொத்தமே சுமார் 200 தான் செய்தார்கள்.

'எங்க வீட்டுப் பரண்ல ஒரு 386 கிடக்கே, எவ்வளவு தேறும்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவர் என்ன தருகிறாரோ அவ்வளவுதான். தராசில் வைத்துக் கிலோ கணக்கில் எடுப்பார். அதற்குள் கொஞ்சம் பொறுங்கள்.

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, பழுது பார்த்து, ஓடவைத்து, மற்றவர்களுடன் மாற்றிக்கொள்வது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. கலிஃபோர்னியாவில் 1997 முதல் இதற்கு விழாவே எடுக்கிறார்கள். இதையும் ஒரு கலையாக மதித்து, சினிமா, கச்சேரி மாதிரி விமர்சனம் செய்து பார்த்தால் என்ன?

முதல் ரகம் ஏல ரகம். வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஆன் செய்ய மாட்டார்கள். இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. விலைச்சீட்டுக்குத்தான் எல்லா மரியாதையும். பாடாத வித்வானுக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி.

இரண்டாவது ரகம் அழகு நிலையம். பழைய கம்ப்யூட்டர்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் பழுப்பு மஞ்சளாகிவிடும். தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனமும் வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்கிற வேலை என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தடவி வெயிலில் வைத்தால் மறுபடி வெளுக்கும். பார்க்கப் புத்தம் புதுசு. ஆனால், அளவு தப்பினால் திட்டுத் திட்டாக வெளுக்கும். சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. நம் கோயில்களில் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சிற்பங்கள் மீது மணலைப் பீய்ச்சி அடித்து, மூக்கு முழியெல்லாம் மழுங்கின கதை உங்களுக்குத் தெரியும். இது அதற்குத் தம்பி முறை. வயசானது தெரியத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

இதிலேயே ஒரு உபரகம் கீ-போர்டு வேட்டைக்காரர்கள். பழைய மெஷினின் விசைகளில் விரல் வைத்தால் கிடைக்கும் அந்த 'டக்'குக்காகக் கீ-போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு உடம்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வேறு எந்தக் கீ-போர்டையும் ஏற்றுக்கொள்ளாத மெஷின்கள் உண்டு. அவற்றுக்கு இது தலையை வெட்டுகிற காரியம். நம் ஊரிலாவது அதற்கு அவசியமில்லை. டி.வி.எஸ். கோல்டு கீ-போர்டில் செர்ரி கம்பெனியின் மெக்கானிக்கல் சுவிட்சுகள் இருந்தன. கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்கத் தட்டித் தீர்த்த நம் குமாஸ்தாக்கள், அது ஒரு சேகரிப்புப் பொருள் என்று தெரியாமலேயே ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள்.

மூன்றாவது ரகத்துக்குத்தான் என் கைதட்டல். ஐ.பி.எம். 1401 என்று ஒரு மெஷின். 1959-ல் வந்தது. துளையிட்ட அட்டை, அறை நிறைய அலமாரி, சங்கிலி சுழன்று கடகடவென்று அடிக்கும் பிரின்டர். கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இதில் இரண்டை உயிர்ப்பித்திருக்கிறார்கள். ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. மற்றது கனெக்டிகட்டில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தது. செய்தவர்களில் பலர் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைப் பிராயத்தில் பழகிய மெஷினைக் கிழவர்களாகி வந்து, சம்பளம் வாங்காமல், டிரான்ஸிஸ்டர் டிரான்ஸிஸ்டராகத் தேடி வைத்தியம் பார்த்தார்கள். இதற்கு ஒரு படி மேலே டோனி சேல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைத்த கொலோஸஸை, போர் முடிந்ததும் பிரித்துப் போட்டு வரைபடங்களையும் எரித்துவிட்டார்கள். மிஞ்சிய சில புகைப்படங்கள், சர்க்யூட் துண்டுகள், பழைய இன்ஜினீயர்களின் ஞாபகம் இவற்றை வைத்துக்கொண்டு 1993-ல் ஆரம்பித்து, 2007-ல் முடித்தார். இவர்கள் மீட்டது மெஷினோடு சேர்த்து அதை ஓட்டுகிற வித்தையையும். அந்த வித்தை மனிதர்களிடம் மட்டும் இருப்பது, அவர்களோடு போய்விடும்.

இப்போது நம் வீட்டு விஷயம். இந்த 1401-தான் 1960-களில் இந்தியாவுக்கு வந்து இறங்கியது. வெளிநாட்டில் வாடகைக்கு ஓடிக் களைத்துத் திரும்பியவற்றை பம்பாயில் புதுப்பித்து, ஐ.பி.எம். இங்கே மறுபடி வாடகைக்கு விட்டது. 'பழசை நம் தலையில் கட்டுகிறார்கள்' என்று கோபப்பட்டோம், நியாயமாகவே. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவிகிதமாகக் குறை என்றதும், முடியாது என்று 1978-ல் ஐ.பி.எம். மூட்டை கட்டியது. விட்டுப்போன மெஷின்களைப் பார்த்துக்கொண்டது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். அதாவது, செய்த கம்பெனியே கைவிட்ட பழைய கம்ப்யூட்டரை ஓடவைப்பது நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. மாசச் சம்பளத்துக்குச் செய்த வேலை. அந்தக் கைகளில் இருந்த சாமர்த்தியத்தை யாராவது உட்கார்ந்து எழுதிவைத்திருந்தால் ஒரு நல்ல புத்தகம் தேறியிருக்கும். சி.எம்.சி.யும் 2015-ல் டி.சி.எஸ்.ஸுடன் இணைந்து, பெயரளவிலும் மறைந்துவிட்டது.

இந்த வேலை இன்னமும் நடக்கிற இடம் வேண்டுமானால் அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி இடங்களுக்குப் போங்கள். 1960-களில் அரசு தொடங்கிய தொழிற்பேட்டை. சின்னப் பட்டறைகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சி.என்.சி. மெஷின்களைப் பார்க்கலாம். இரும்பு உடம்பு இன்னும் இருபது வருஷம் தாங்கும். மூளைதான் பழசு. மெஷினின் அளவுகளை எல்லாம் ஒரு சின்ன பேட்டரி தாங்குகிற நினைவகத்தில் வைத்திருக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. பேட்டரி மாற்றுவதென்றால் மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். வீட்டு டார்ச்லைட் ஞாபகத்தில் மெயினை அணைத்துவிட்டு மாற்றினால், ஒரு நொடியில் மெஷினுக்குப் பூர்வ ஜென்ம ஞாபகம் மொத்தமும் போய்விடும். ஃப்ளாப்பி டிரைவ் செத்துப்போனால் அதே பொந்தில் பென் டிரைவ் செருகுகிற மாற்றுப் பெட்டியைப் பொருத்துவார்கள். யாரும் இதை 'வின்டேஜ்' என்று சொல்வதில்லை. 'சார், ஓடிட்டிருக்கு, கை வைக்காதீங்க' என்பார்கள். விமர்சகன் என்ற முறையில் இவர்களுக்கு அந்த மூன்றாம் ரகத்துக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்தவற்றில் இந்த ஞாபகமும் சேர்த்தி.

இதில் தமிழுக்கு என்ன என்று கேட்பீர்கள். நிறைய. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் அடித்த தமிழ் அத்தனையும் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் அடித்ததை வானவில்லில் திறந்தால் பூச்சி பறக்கும். 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணையிட்டது. நடுவில் இருபது வருஷத்துத் தமிழ் என்ன ஆயிற்று? சிற்றிதழ்கள், ஊர் மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், பாதியில் நின்ற நாவல்கள் எல்லாம் ஃப்ளாப்பியில். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்களுக்குத் தெரிந்த பழைய டி.டி.பி. சென்டரில் விசாரித்துப் பாருங்கள். 'அந்த சிஸ்டத்தைக் காயலான் கடைக்குப் போட்டாச்சே' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஓலைச்சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களையாவது மன்னிக்கலாம். அவர்களுக்குப் புண்ணியம் என்று ஒரு காரணம் இருந்தது.

சென்னை ஈரத்தில் ஃப்ளாப்பிக்குப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததை அப்படியே செருகினால் டிரைவின் தலையும் கெட்டு, அடுத்து வருகிற நல்ல ஃப்ளாப்பியும் கெடும். ஆகவே ஓடுகிற ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு ஆளும் ஒரு ஊருக்குத் தேவை. இதுதான் இந்தப் பொழுதுபோக்குக்கு நான் கொடுக்கும் முக்கியமான மார்க். ஏலத் தொகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பரணிலிருந்து இறக்கப் போகிறீர்களா? சில யோசனைகள்:

ஒன்று: ஆசையில் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். பவர் சப்ளையின் பழைய கபாசிட்டர்கள் புகைவிட வாய்ப்புண்டு.

இரண்டு: பெட்டியைத் திறந்து மதர்போர்டில் பீப்பாய் வடிவ பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். கசிந்தது காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலில் சுத்தம் செய்வார்கள்.

மூன்று: ஓடினால் கேம்ஸ் ஆட உட்காராமல், ஹார்டு டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுத்துவிடுங்கள். மறு தடவை ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தமிழ் ஃபைல்களோடு எழுத்துரு ஃபைலையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் மற்றது வெறும் பூச்சி.

நான்கு: தேறாது என்று ஆனால் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். தங்கத்துக்காக அமிலத்தில் போட்டு எரிக்கிறவரிடம் போனால், அந்தத் தெருப் பிள்ளைகள் மூச்சில்தான் அது கலக்கும்.

ஐந்து: இதில் யார், எந்த வருஷம், என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அப்பா இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.