பல்லாவரம் முதல் வல்லம் வரை

பல்லாவரம் குன்றிலுள்ள குடைவரை, 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. உள்ளே, பின்சுவரில் ஐந்து கருவறைகள். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை; உளி இதற்கு மேல் எதற்கும் ஆசைப்படவில்லை, அதுவே அழகு. மன்னனின் விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டுள்ளன. இன்று இது தர்கா. வழிபாடு ஓயாத இடம். இதே பல்லாவரத்தில்தான் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்தின் நெரிசலைத் தாண்டி, செங்கல்பட்டை அடைந்தால் பக்கத்திலேயே வல்லம். அங்குள்ள குடைவரையைச் செய்வித்தது மன்னனல்ல. மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசர் வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன். அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கருவறை ஒன்றே, சிறியது. வாயிலின் இருபுறமும் காவலர் சிற்பங்கள்.