மான்சாவிலிருந்து பிராம்ப்டன் வரை: பஞ்சாபி ராப்பின் வேர்கள்

பஞ்சாபி ராப் பஞ்சாபில் பிறந்ததல்ல. கராச்சியில் பிறந்து இளம் வயதில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பொஹீமியா 2002-இல் வெளியிட்ட 'விச் பர்தேசான் தே' தொகுப்பிலிருந்தே பலரும் அதன் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். அதற்கும் முன்பே இங்கிலாந்தின் காவெண்ட்ரி நகரத்துப் பஞ்சாபி எம்.சி., தும்பியின் ஒற்றைத் தந்தி நாதத்தை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிசையோடு கோத்து 'முண்டியான் தோ பச் கே' பாடலை உருவாக்கியிருந்தார். 2003-இல் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீ அதில் தன் வரிகளைச் சேர்த்தார். பிறகு தில்லியில் ஹனி சிங், பாத்ஷா, ரஃப்தார் ஆகியோரின் 'மாஃபியா முண்டீர்' குழு, அதன் தொடர்ச்சியாக இந்தித் திரைப்படம். இந்த வரிசையைப் பார்ப்பவர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பஞ்சாபியில் நகலெடுத்தார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். வயலில் ஓடும் டிராக்டர்களில் அந்த இசை ஏன் இத்தனை இயல்பாக ஒலிக்கிறது என்பதை அந்த விளக்கத்தால் சொல்ல முடியாது.

விடை பஞ்சாபின் வீரப்பாட்டு மரபில் இருக்கிறது. உடுக்கை போன்ற 'டட்' வாத்தியத்தோடும் சாரங்கியோடும் போர்க்கதை பாடும் டாடிப் பாடகர்களைச் சீக்கியரின் ஆறாம் குரு ஹர்கோபிந்த் ஆதரித்தார். 'வார்' எனப்படும் அந்தப் பாட்டுகளின் வழியில்தான் அக்பரின் ஆட்சியை எதிர்த்த துல்லா பட்டி இன்றும் மக்களின் நாயகனாக நிற்கிறான். மார்தட்டுவதும், எதிரியை அறைகூவி அழைப்பதும், அரசுக்கு அடங்காதவனைப் போற்றுவதும் ராப்பின் வழி வந்து சேர்ந்தவை அல்ல. பஞ்சாபி நாட்டுப்புறப் பாடகர் குல்தீப் மாணக் அவற்றை ஏற்கெனவே இசைத்தட்டில் பாடியிருந்தார். பாடகர் சித்து மூஸே வாலாவிடம் வீரப்பாட்டும் ராப்பும் சேர்ந்த சேர்க்கை முழுமையடைந்தது. மான்சா மாவட்டத்து மூஸா கிராமத்தில் பிறந்து, லூதியானாவில் பொறியியல் படித்து, கனடாவின் பிராம்ப்டனுக்குப் போனவர் அவர். ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். புகழ் வந்தபின் ஊருக்கே திரும்பி வாழ்ந்தார். அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கை ஆராதித்தவர்தான். ஆனால் குரலை உச்சத்தில் ஏற்றி நிறுத்தும் இடங்களில் என் காதுக்குக் கேட்பது டாடிப் பாடகர்களின் குரல். நிலம் துண்டு துண்டாகி, வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி வகுப்புகள் சிற்றூர்கள்வரை பெருகிவிட்ட ஒரு மாநிலத்தில், போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் அந்தக் குரல் பொதுவாக இருந்தது. குர்தாஸ்பூரிலிருந்து கனடாவுக்குச் சென்ற ஏ.பி. தில்லானின் 'பிரவுன் முண்டே' 2020-இல் பரவியதற்கும் காரணம் இதுவே.

வன்முறையை வளர்க்கும் பாட்டு என்ற குற்றச்சாட்டைப் புறந்தள்ள முடியாது. 2019-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் மது, போதை, வன்முறையைப் புகழும் பாடல்களைத் தடுக்க உத்தரவிட்டது. 2022 மே 29 அன்று மூஸே வாலாவே சுட்டுக்கொல்லப்பட்டார். ஆயினும் பாடகர் சம்கீலா 1988-இல் சுடப்பட்டபோது பஞ்சாபி ராப் என்று ஒன்று இருக்கவில்லை. துப்பாக்கி பாட்டுக்கு முந்தியது. இதைவிடக் கனமான மறுப்பு சாதியைப் பற்றியது. இந்தப் பாடல்களின் நாயகன் பெரும்பாலும் நிலமுள்ள ஜாட் சாதி இளைஞன். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நிலமில்லை. ஜலந்தரின் பாடகி கின்னி மாஹி, பக்திக் கவி ரவிதாஸையும் அம்பேத்கரையும் பாட வந்தது அவர்களைப் பற்றிய இந்த மௌனத்துக்கு எதிராகத்தான். அவருடையது ராப் அல்ல. ஆனால் ராப் யாரைப் பாடாமல் விட்டது என்பதை அவர் பாடல்கள் காட்டிவிடுகின்றன. மரபின் வலிமையோடு அதன் சாதிச் செருக்கையும் இந்த இசை வாங்கிக்கொண்டது என்பதை ஏற்றே ஆகவேண்டும்.

2023-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் பஞ்சாபியில் பாடியதைப் பலரும் இந்த இசையின் உச்சமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, மூஸே வாலா இறந்த மறுமாதம் வெளிவந்த அவருடைய 'எஸ்.ஒய்.எல்.' பாடல். பஞ்சாபின் ஆற்று நீரை ஹரியானாவுடன் பகிர்வதற்கான சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாயைப் பற்றிய அந்தப் பாடலை இந்தியாவில் யூடியூப் சில நாட்களிலேயே முடக்கியது. கால்வாய்ப் பணியின் பொறியாளர்களைக் கொன்றவரை அது போற்றுகிறது. அந்தப் புகழ்ச்சியை நான் ஏற்கவில்லை. ஆனால் துல்லா பட்டியைப் பாடியவர்கள் செய்ததும் அரசு கலகக்காரன் என்றவனை நாயகனாக்கியதுதான். துப்பாக்கியை வெறும் அலங்காரமாகக் காட்டும் எத்தனையோ பாடல்கள் அதே தளத்தில் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆற்று நீரின் உரிமையைக் கேட்ட பாடல்தான் முடக்கப்பட்டது.