தானாக உருவாகும் இன்செர்ட் கட்டளை: ஒரு மதிப்பீடு

தரவுத்தள அட்டவணை ஒன்றில் புதிய பதிவைச் சேர்க்கும் எஸ்.க்யூ.எல். கட்டளைக்கு இன்செர்ட் என்று பெயர். இதை நிரலாளர் தம் கையால் எழுதலாம். அட்டவணையின் அமைப்பைக் கேட்டறிந்து தானே எழுதிக்கொள்ளும் கருவியிடமும் ஒப்படைக்கலாம். அத்தகைய கருவிகளுள் ஒன்று எஸ்.க்யூ.எல். கமாண்ட் பில்டர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட் நெட் 2002இல் வெளிவந்தபோதே அதன் ஏ.டி.ஓ. டாட் நெட் பகுதியில் இது இடம்பெற்றது. மாணவர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. செலக்ட் கட்டளை ஒன்றை எழுதினால் போதும், இன்செர்ட், அப்டேட், டெலீட் மூன்றும் தாமே வந்துவிடுகின்றன. ஆயினும் கருவி எழுதியதைப் படிக்காமல் விட்டால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே குறையுள்ள பதிவு சேர்ந்துவிடக்கூடும். இக்கட்டுரை அதையே விளக்குகிறது.

செயல்படும் முறை

ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் நான்கு புலங்கள் உள்ளன: சேர்க்கை எண், பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள். சேர்க்கை எண்ணைத் தரவுத்தளமே வரிசையாக வழங்கும். சேர்ந்த நாளை எழுதாமல் விட்டால் அன்றைய தேதியை இட்டுக்கொள்ளும்படி இயல்பு மதிப்பு தரப்பட்டிருக்கிறது.

நிரலில் புதிய மாணவரைச் சேர்த்துச் சேமிக்கும்போது கமாண்ட் பில்டர் முதலில் செலக்ட் கட்டளையைப் பார்க்கிறது. அதிலுள்ள புலங்களின் பெயர், வகை, நீளம், முதன்மைச் சாவி ஆகியவற்றைத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பெறுகிறது. பிறகு கட்டளையை அமைக்கிறது. தானாக எண் ஏறும் புலத்தையும் கணக்கிட்டு வரும் புலத்தையும் விட்டுவிடுகிறது. மற்றவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுருவை வைக்கிறது. செலக்ட் கட்டளை ஒரே அட்டவணையைச் சார்ந்திருந்தால்தான் இது நடக்கும்; இரண்டு அட்டவணைகளை இணைத்து எழுதினால் கருவி மறுத்துவிடும்.

நிறைகள்

கருவியின் முதல் நிறை அளவுருதான். மாணவர்கள் பலர் மேற்கோள் குறிகளுக்கிடையே பெயரை ஒட்டவைத்துக் கட்டளை எழுதுகிறார்கள். பெயரிலேயே மேற்கோள் குறி வந்தால் அந்தக் கட்டளை உடையும். தீய எண்ணத்தோடு ஒருவர் தட்டச்சு செய்தால் வேறு கட்டளையே உள்ளே நுழையும். அளவுருவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

தமிழில் தரவு சேர்ப்போருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் கையால் கட்டளை எழுதும்போது, தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தை இட மறந்தால், பெரும்பாலும் பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகளே சேமிக்கப்படும். கமாண்ட் பில்டர் புலத்தின் வகையைப் பார்த்தே அளவுருவை அமைப்பதால், புலம் யூனிகோடு வகையாக இருந்தால் தமிழ் தமிழாகவே சேரும்.

குறைகள்

முதல் குறை சேர்ந்த நாளில் தெரியும். எழுத்தர் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. இயல்பு மதிப்பு இருக்கிறதே என்று நினைக்கிறார். ஆனால் எஸ்.க்யூ.எல். விதிப்படி, ஒரு புலம் கட்டளையில் இடம்பெறாவிட்டால்தான் இயல்பு மதிப்பு தானே வந்து அமரும். ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பை வெளிப்படையாகக் கொடுத்தால், தரவுத்தளம் அதையே விடையாக ஏற்றுக்கொள்ளும்.

கமாண்ட் பில்டர் இங்கே இருவிதமாக நடந்துகொள்கிறது. வெற்று மதிப்பை ஏற்காத புலம் நிரப்பப்படாமல் இருந்தால், அதைக் கட்டளையிலிருந்து நீக்கிவிடுகிறது. இயல்பு மதிப்பு வேலை செய்கிறது. வெற்று மதிப்பை ஏற்கும் புலமாக இருந்தால், அதையும் சேர்த்து வெற்று மதிப்பை அனுப்புகிறது. இயல்பு மதிப்பு ஓரமாக நிற்கிறது. எழுத்தர் விட்டது ஒரே வெற்றிடம்தான். விளைவு மட்டும் இரண்டு. மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் வரும் நாளில்தான், அந்தப் பிள்ளை என்று சேர்ந்தது என்பதற்குப் பதிவே இல்லை என்பது தெரியவரும்.

இரண்டாவது குறை சேர்க்கை எண். தரவுத்தளம் வழங்கிய எண்ணைக் கருவி உருவாக்கிய கட்டளை திரும்பக் கேட்பதில்லை. ஆகவே நிரலின் நினைவகத்தில் உள்ள பதிவுக்குத் தன் உண்மையான எண் தெரியாது. உடனே கட்டண அட்டவணையிலோ மதிப்பெண் அட்டவணையிலோ அந்த மாணவருக்குப் பதிவு போட முயன்றால் சிக்கல்தான். இங்கே கட்டளையைக் கையால் எழுதி, ‘ஸ்கோப் ஐடென்டிட்டி’ என்னும் செயற்கூறால் எண்ணைப் பெறுவதே முறை.

மூன்றாவது குறை படிக்க முயல்பவரையும் ஏமாற்றக்கூடியது. ‘கெட் இன்செர்ட் கமாண்ட்’ என்று கேட்டால் கருவி தன் கட்டளையைக் காட்டும். ஆனால் அது பொதுவான முழு வடிவம். சேமிக்கும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஏற்ப அது மாறுவதால், உண்மையில் சென்ற கட்டளையைப் பார்க்க எஸ்.க்யூ.எல். ப்ரொஃபைலர் போன்ற கண்காணிப்புக் கருவி தேவை.

பிற கருவிகள்

இது ஒரு நிறுவனத்தின் கருவிக்கு மட்டும் உரிய குறை அன்று. ஜாவா மொழியில் புகழ்பெற்ற ஹைபர்னேட், இயல்பாக எல்லாப் புலங்களையும் இன்செர்ட் கட்டளையில் எழுதும். நிரப்பப்படாதவை வெற்று மதிப்பாகச் செல்லும். ‘டைனமிக் இன்செர்ட்’ என்ற குறிப்பைச் சேர்த்தால்தான் அவற்றை விட்டுவிடும். பைத்தான் மொழியின் ஜாங்கோவில், தரவுத்தளமே இடும் இயல்பு மதிப்பை மாதிரியில் குறிப்பிடும் வசதி 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது.

மதிப்பீடு

ஓர் அட்டவணை, எளிய புலங்கள், ஒருவர் மட்டும் தரவு உள்ளிடும் சிறு செயலி என்றால் கமாண்ட் பில்டர் போதுமானது, பாதுகாப்பானதும்கூட. இயல்பு மதிப்பு, தானாக ஏறும் எண், ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகள் ஆகியவை வந்தால் கட்டளையைக் கையால் எழுதுவதே நல்லது.

கருவியைப் பயன்படுத்தும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். எந்தெந்தப் புலங்கள் கட்டளையில் உள்ளன? நிரப்பாத புலத்துக்கு என்ன அனுப்பப்படுகிறது? புதிய எண் நிரலுக்குத் திரும்பி வருகிறதா? கணக்கின் வழி தெரியாமல் விடையை மட்டும் பார்த்து எழுதிய மாணவரை ஆசிரியர் ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். தரவுத்தளம் அப்படிக் கேள்வி கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் கேட்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது.