மாயக் கதைக்கும் விதி வேண்டும்

விஞ்ஞான இதழில் மாயக் கதைகளுக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். தாயத்து, சூனியம் போன்றவற்றின் மீதுள்ள நம்பிக்கையைப் போக்கப் பாடுபடும் நாமே, பேசும் பூதங்களும் பறக்கும் சிறுவர்களும் நிறைந்த நாவல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா? கேள்வி நியாயமானதே. ஆனால் ஆங்கிலத்தில் ஃபேன்டஸி என்று வழங்கும் சிறுவர் நாவல்களில் தரமானவற்றைப் படித்துப் பாருங்கள். அவற்றில் வரும் மாயம் ஏதேனும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருக்கும். அவ்விதி கதாநாயகனுக்காகக்கூட வளைந்து கொடுக்காது. தாயத்து விற்பவனின் மாயத்துக்கோ விதியே கிடையாது. பலித்தால் தாயத்தின் மகிமை. பலிக்காவிட்டால் கட்டிக்கொண்டவனுக்கு நம்பிக்கை போதவில்லை! இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை பத்து வயதிலேயே உணர்ந்துகொள்ள மாயக் கதையைப் போல் உதவும் கருவி வேறில்லை என்பது என் கருத்து.

முதலில் கொடுக்கத்தக்க நூல், ஈ. நெஸ்பிட் அம்மையார் 1902-இல் வெளியிட்ட ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சரளைக்கல் தோண்டிய ஒரு பள்ளத்தில் குழந்தைகள் ஒரு விந்தைப் பிராணியைக் கண்டெடுக்கிறார்கள். அதன் கண்கள் நத்தைக்கு இருப்பதுபோல் நீண்ட கொம்புகளின் நுனியில் உள்ளன. காதுகள் வௌவாலின் காதுகள். நாளுக்கு ஒரு வரம் தரும்; சூரியன் மறைந்ததும் வரம் அற்றுப்போகும். விதி இவ்வளவுதான். இதிலிருந்தே கதை முழுவதும் பிறக்கிறது. அழகு வேண்டுமென்று கேட்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்ப் பட்டினி கிடக்கிறார்கள். தங்கம் கேட்கிறார்கள், பள்ளம் நிறையக் கிடைத்த பழங்காலத்து நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுக்க, திருட்டுப் பழி வந்து சேர்கிறது. சிறகு கேட்டுப் பறக்கிறார்கள். ஒரு மாதா கோயில் கோபுரத்தின் உச்சியில் அசந்து தூங்கிவிட, விழித்துப் பார்த்தால் பொழுது சாய்ந்திருக்கிறது, சிறகு இல்லை, படிக்கட்டுக் கதவோ பூட்டியிருக்கிறது. இந்த இடத்தில் ஆசிரியை இரக்கப்பட்டு இன்னும் ஐந்து நிமிடம் சிறகை விட்டுவைத்திருந்தால் நாவலே கெட்டிருக்கும். விதியை வகுத்துக்கொண்டு, அதன் விளைவுகளைக் கடைசிவரை பின்தொடர்வது நாம் சோதனைக் கூடத்தில் செய்யும் வேலையன்றோ?

இந்த நூலில் ஒரு பிழையும் உண்டு. ஆதி மனிதர்கள் மெகதீரியத்தையும் இக்தியோசாரையும் உணவாகக் கேட்டு வாங்கினார்கள் என்றும், தின்றது போக மிஞ்சியது மாலையில் கல்லாகிவிட்டது என்றும் அப்பிராணி சொல்கிறது. புதைபடிவங்களுக்கு அது தரும் விளக்கம் இது! மெகதீரியம் மறைந்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. இக்தியோசார்களோ மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

புகழ் பெற்ற மாயக் கதைகள் அனைத்துக்கும் நான் நற்சான்று தரவில்லை. ஜே. எம். பேரியின் ‘பீட்டர் பான்’ 1904-இல் லண்டனில் நாடகமாக நடந்தது, 1911-இல் நாவலாயிற்று. அதைப் பற்றிப் பேரியே பின்னாளில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். நாடகத்தைப் பார்த்த குழந்தைகள் பலர் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டார்களாம். அதனால் பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி, தேவதைத் தூள் மேலே படாமல் யாரும் பறக்க முடியாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாராம். விதியில்லாத மாயம் எலும்பை முறிக்கும். விதி வந்ததும் குழந்தை கட்டிலிலேயே இருக்கும்! ஆனால் இதே கதையில் சாகக் கிடக்கும் தேவதை டிங்கர் பெல், ‘நம்புகிறோம்’ என்று குழந்தைகள் கைதட்டியதும் பிழைத்துக்கொள்கிறாள். உருக்கமான கட்டம்தான். எனினும் நம்பிக்கையே காரணமாகிவிடும் அந்த இடம் தாயத்துக்காரனின் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த நூலைக் கொடுப்பதானால் உடன் உட்கார்ந்து பேசுங்கள்.

‘ஆலிஸ்’ கதையை எழுதிய லூயிஸ் கரோல், சார்லஸ் டாட்ஜ்சன் என்ற இயற்பெயருடைய ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர். 1865-இல் வெளிவந்த முதல் நூலில் ஆலிஸ் முயல் வளைக்குள் விழும் கட்டத்தைச் சற்று நிறுத்திப் படியுங்கள். விழுந்துகொண்டே ஓர் அலமாரியிலிருந்து ஜாம் சாடியை எடுக்கிறாள், உள்ளே ஒன்றுமில்லை. கீழே போட்டால் யார் தலையிலாவது விழுமே என்று பயந்து, வழியில் வரும் வேறோர் அலமாரியில் வைக்கிறாள். தடையின்றி விழுபவள் கைவிட்ட சாடி அவள் பக்கத்திலேயே மிதந்து வரும் அல்லவா? ஆனால் அலமாரியில் பொருளை எடுத்து வைக்கும் அளவுக்கு அவள் மெதுவாக விழுகிறாள் என்றால், ஏதோ ஒன்று அவளைத் தாங்குகிறது. அப்போது சாடி அவளை முந்திக்கொண்டு போகும், அவள் பயமும் நியாயமாகும். கூரையிலிருந்து விழுபவன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் ஐன்ஸ்டீனுக்கு உதித்தது 1907-இல். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1889-இல், விழும் வீட்டுக்குள் தேநீர் விருந்து நடத்துவது எப்படி என்று ‘சில்வி அண்ட் புரூனோ’வில் கரோல் யோசித்திருக்கிறார். இவ்வளவு சொன்னாலும் அந்தப் பிந்தைய நாவலைப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன், உபதேசம் மிகுதி.

விஞ்ஞானச் சொற்கள் இருந்தால் கதை விஞ்ஞானத்துக்கு நெருங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. மேடலின் லெங்கல் 1962-இல் எழுதிய ‘எ ரிங்கிள் இன் டைம்’ நாவலில் பரிமாணங்களைப் பற்றிய பேச்சு உண்டு. அங்கித் துணியின் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்து, சிறு பூச்சி ஒரு கணத்தில் அக்கரை சேர்வதைக் காட்டும் உவமை அருமை. ஆனால் நான்காம் பரிமாணத்தை வர்க்கப்படுத்தினால் ஐந்தாவது வரும் என்பது வெறும் சொற்சிலம்பம். மாறாக, உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் பௌதிகச் சொல் ஒன்றும் வராது, கதை முழுவதும் மந்திரமே. எனினும் அங்கே ஒரு பொருளை ஆள அதன் மெய்ப்பெயர் தெரிய வேண்டும். ஓரிடத்து மழையை விலக்கினால் அது வேறோர் இடத்தைப் பாதிக்கும். கெட் என்ற இளைஞன் வீம்புக்காக இறந்தவர் ஆவியை அழைக்க, திறந்த வழியை அடைப்பதில் முதிய ஆசான் உயிரையே இழக்கிறார். எதையும் விலையின்றிப் பெற முடியாது. ஆற்றல் அழியா விதியைப் படித்த மாணவனுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. கதை இருண்டது, பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில மூலம் கடினமாக இருக்குமே என்பீர்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இரவில் ஓர் அத்தியாயம் படித்துத் தமிழில் சொல்லலாம். நெஸ்பிட் நாவல் அதற்கு வெகு பொருத்தம், ஏனெனில் பெரும்பாலும் அத்தியாயத்துக்கு ஒரு வரம். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு புதிதுமல்ல. விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும் என்ற நிபந்தனையை அது முன்பே அறியும். சூரியன் மறையும் கட்டத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, ‘இனி என்ன ஆகும்?’ என்று மட்டும் கேளுங்கள்.