குமாஸ்தாதான் வில்லன்!

ஒரு கதைசொல்லி. பெயர் ரஷீத் கலீஃபா. தேர்தல் வந்தால் போதும், கூட்டம் சேர்க்க கட்சிக்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். காரணம் இருக்கிறது. தான் சொல்வது அத்தனையும் கற்பனை என்று ரஷீத் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவார். அதனால் ஜனங்கள் அவரை நம்புவார்கள். தலைவர்களோ, சொல்வதெல்லாம் உண்மை என்பார்கள். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நம்மூர் பொதுக்கூட்டம் எதற்காவது போனவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிடும்.

சல்மான் ருஷ்டியின் 'ஹாரூன் அண்ட் த ஸீ ஆஃப் ஸ்டோரீஸ்' நாவலில் வரும் ஆள் இவர். 1989 பிப்ரவரியில் கொமேனியின் ஃபத்வா வந்து, ருஷ்டி தலைமறைவாக இருந்த நாட்களில் மகன் ஸஃபருக்காக எழுதிய மாயாஜாலக் கதை. 1990-ல் வெளியானது. சமர்ப்பண வரிகளின் முதல் எழுத்துக்களைக் கோத்தால் பையன் பெயர் வரும்.

ரஷீதின் மனைவி ஸொராயா, மாடிவீட்டு குமாஸ்தா சென்குப்தாவோடு போய்விடுகிறாள். பொய்க் கதைகளால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிற ஆசாமி அவர். அதே கேள்வியை மகன் ஹாரூனும் கோபத்தில் கேட்டுத் தொலைக்க, அப்பாவுக்குக் கதை வறண்டுவிடுகிறது. மேடை ஏறினால் காக்கைக் குரல்தான் வருகிறது. கதைகளின் கடலைத் தேடி பையன் இன்னொரு நிலவுக்கே போகிறான். அங்கே கடலில் விஷம் கலந்து, ஊற்றையே அடைக்கப் பார்க்கிறான் கத்தம்-ஷுத். கிட்டத்தில் பார்த்தால், அசல் சென்குப்தா ஜாடை!

நான் பி.காம். குமாஸ்தாவை வில்லனாக்கியதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால், லாபக் கேள்விக்குப் பதில் சொல்வதே அந்த வில்லன்தான். உலகம் இருப்பது ஆட்டிவைப்பதற்கு. ஒவ்வொரு கதைக்குள்ளும் தன்னால் ஆட்டிவைக்க முடியாத ஓர் உலகம் இருக்கிறதே என்பதுதான் அவன் எரிச்சல். இதை எதிராளி வாயாலேயே சொல்ல வைத்தது கெட்டிக்காரத்தனம்.

ஊட்டியை அடுத்த இத்தலாரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். அதில் ஒருவர் தேயிலை விவசாயி. "ஊற்றை அடைக்க வில்லன் எதுக்குங்க? எங்க ஹெத்தெ போனாங்க, அவங்க கதையும் கூடவே போச்சு" என்றார். படுக மொழியில் ஹெத்தெ என்றால் பாட்டி. எழுத்து வழக்கு பரவாத மொழியில் பாட்டி வாய்தானே புத்தகம்!

டீச்சர் ஒருவருக்கு வேறு கோபம். "இளவரசியின் மூக்கையும் பல்லையும் பாட்டையும் வெச்சு இத்தனை ஜோக் தேவையா சார்?" நியாயம்தான். ருஷ்டி சறுக்கிய இடம் அது.

என் புகார் இன்னும் பெரியது. ஸொராயா வீட்டில் எப்போதும் பாடிக்கொண்டிருந்தவள். ஒருநாள் பாட்டை நிறுத்திவிடுகிறாள். ஊருக்கெல்லாம் கதை சொல்லும் கணவருக்கு அது தெரியவே இல்லை. நாவலின் ஆழமான இடம் இதுதான். ஆனால், ருஷ்டி அங்கே நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறார். கடைசியில் அவள் திரும்பி வருகிறாள், மறுபடி பாடுகிறாள். சுபம். சுபமான முடிவுகள் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவை என்று கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. சாமர்த்தியம்தான். இருந்தாலும், ஸொராயா கணக்கு மட்டும் டேலி ஆகவில்லை.

2022 ஆகஸ்டில் நியூயார்க் மாகாணத்தில் மேடையிலேயே ருஷ்டியைக் கத்தியால் குத்தினார்கள். ஒரு கண்ணில் பார்வை போனது. அதற்குப் பிறகும் எழுதினார். அதை நினைத்துக்கொண்டு படித்தால் கத்தம்-ஷுத் வெறும் பொம்மை வில்லனாகத் தெரிய மாட்டான்.

பத்து வயசுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். அம்மா ஏன் பாட்டை நிறுத்தினாள் என்று பிள்ளை கேட்டால், புத்தகத்தில் தேடாதீர்கள். அந்தக் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.