நோயாளியின் பிரயாணம்

மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து என் கட்டிலருகே வைத்துவிட்டு, "படித்துப் பாருங்கள். மன உறுதி இருந்தால் வியாதி என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு நண்பர். நல்ல மனிதர். என்னைப் போலவே பிரயாணப் பித்துப் பிடித்தவர். முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி, இடது கால் மரத்துப்போய், நான் வீட்டோடு முடங்கிக் கிடந்த இரண்டாவது மாதம் அது. வருஷத்தில் மூன்று நான்கு மாதங்களை ரெயிலிலும் பஸ்ஸிலும் கழித்துப் பழகியவன் நான். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடப்பதுதான் இனி யாத்திரை என்று ஆகிவிட்டால் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் அறிவார்.

ஒன்று, இஸபெல்லா பேர்ட் என்ற ஆங்கில மாது அமெரிக்காவின் ராக்கி மலைகளில் சுற்றியதைச் சொல்லும் நூல். இரண்டாவது, ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் கட்டுரைகளும் பிரயாண நூல்களும் சேர்ந்த ஒரு தொகுதி. மூன்றாவது, செகாவ் சகலின் தீவுக்குப் போய்வந்து எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மூவரும் நோயாளிகள், மூவரும் ஊர் சுற்றியவர்கள்.

மூன்றையும் பத்து நாட்களில் படித்துத் தீர்த்தேன். அதன் பலன், மூன்றாவது மாதமே மதுரையில் குற்றாலம் பஸ் ஏறினேன். நீண்ட பஸ் பிரயாணம் மட்டும் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதுகெலும்புக் கோளாறோடு ஒரு பெண்மணி மலையுச்சி ஏறலாம் என்றால், நான் குற்றாலம் வரை உட்கார்ந்துகொண்டு போகக் கூடாதா? ராஜபாளையத்தில் என்னைக் கண்டக்டரும் இன்னொருவரும் கையைப் பிடித்து இறக்கினார்கள். வீட்டுக்கு வாடகைக் காரில் படுத்துக்கொண்டு திரும்பினேன். மேலும் மூன்று மாதம் போயிற்று.

என் மனைவி அதிகம் பேசவில்லை. "அந்த அம்மாளுக்கும் முதுகுவலிதானே? அப்புறம் எப்படிக் குதிரைமேல் உட்கார்ந்தாளாம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நூலைப் படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு, அதிலும் நாலு பேருடைய நூல்களைப் பற்றி அபிப்பிராயம் எழுதுகிறவனுக்கு, இது அவமானம். திரும்பவும் படித்தேன். நண்பர் சொன்னதும் தவறு, நான் படித்ததும் தவறு என்று தெரிந்தது. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் காலத்தில் பிரயாணம் என்பது ஆசை மட்டுமல்ல, மருந்துச் சீட்டும்கூட. மார்பு நோய்க்கு மருந்து கிடையாது. காசநோய்க் கிருமியைக் காக் கண்டுபிடித்ததே 1882ல்தான். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல்தான் வந்தது. அதுவரை வைத்தியர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காற்று மாற்றம். பணமுள்ள நோயாளிகளைத் தெற்கு பிரான்சில் மென்டன் என்ற கடற்கரை ஊருக்கோ, சுவிட்ஸர்லாந்தில் டாவோஸ் மலைக்கோ அனுப்பிவைத்தார்கள். அந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டியவற்றில் ஒன்று நம் சென்னையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1956ல் தொடங்கி 1959ல் வெளியான ஒரு பரிசோதனையில், காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான வீடுகளில், ஏழைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். குணப்படுத்தியது மாத்திரை, மலைக்காற்று அல்ல.

ஆகவே, ஊர் சுற்றியதால் வியாதி தீர்ந்தது என்று சொல்ல இந்த நூல்கள் பயன்படா. மன உறுதியால் தீர்ந்தது என்று சொல்லவும் பயன்படா. பின் எதற்காகப் படிப்பது?

ஸ்டீவன்சனை எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலிருந்தே மார்பு நோய். அக்காலத்து வைத்தியர்கள் எலும்புருக்கி என்று நினைத்தார்கள். அது வேறு வியாதியோ என்று இன்றைய வைத்தியர்கள் ஐயப்படுகிறார்கள். 1873ல், 23 வயதில், அவரை மென்டனுக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'ஆர்டர்ட் ஸவுத்' என்று பெயர்; தெற்கே போகச் சொன்னார்கள் என்று பொருள். நான் படித்தவற்றில் நோயாளிப் பிரயாணியைப்பற்றி இவ்வளவு உண்மையாக எழுதிய கட்டுரை வேறில்லை. கடல் நீலமாகத்தான் இருக்கிறது, ஆலிவ் மரங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் மனசு எழுந்து வரவில்லை. அழகு என்பது அறிவுக்குத் தெரிகிறதே தவிர உணர்ச்சிக்கு எட்டவில்லை. பிறகு என்றோ ஒருநாள், எதிர்பாராத நேரத்தில், ஒரு சின்னக் காட்சி உள்ளே போய்த் தைக்கிறது.

இதை முதல் தடவை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். மலையேறும் இடம் எப்போது வரும் என்ற அவசரம். இரண்டாம் தடவை படித்தபோது ராஜபாளையத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. எத்தனையோ முறை பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்த கோபுரம். அன்று அது வெறும் கட்டிடமாக நின்றது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும். உடம்பு எனக்குச் சொன்னதை இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தான்.

ஆனால் அந்தக் கட்டுரையிலும் ஒரு குறை உண்டு. சாவைப்பற்றி அவர் கொஞ்சம் அழகாகப் பேசிவிடுகிறார். அந்த வயதில் எல்லோரும் செய்கிற தவறுதான். அதைத் தீர்த்துக்கொண்டது, 1879ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்வோரோடு கப்பலிலும் ரெயிலிலும் போனபோது. 'அமெச்சூர் எமிக்ரன்ட்' என்ற அந்த நூலில் அழகு குறைவு. துர்நாற்றம், நெருக்கடி, கெட்ட சாப்பாடு எல்லாம் உண்டு. மகன் இப்படிப்பட்ட இடத்தில் கிடந்தான் என்று ஊர் அறிவதை விரும்பாத தகப்பனார் பணம் கொடுத்து அச்சேறாமல் தடுத்தார். ஸ்டீவன்சன் இறந்த பிறகு, 1895ல்தான் கப்பல் பகுதி வெளிவந்தது. கலிபோர்னியாவில் மான்டரே அருகே மலைப்பக்கத்தில் மயங்கிக் கிடந்தவரை ஆடு வளர்க்கும் இருவர் கண்டெடுத்துப் பேணினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மன உறுதி அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. பிழைக்கவைத்தது அந்த ஆட்டுக்காரர்கள்.

இஸபெல்லா பேர்ட் கதை இன்னும் சுவாரசியமானது. 1831ல் பிறந்தவர், பாதிரியார் மகள். இளம் வயது முதல் முதுகெலும்பு உபாதை. 18 வயதில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். வீட்டில் சோபாவில் படுத்தே கிடப்பார். வெளிநாடு போனால் குதிரை ஏறுவார், எரிமலை ஏறுவார். ஊர் திரும்பினால் மறுபடி சோபா. இதைப் பார்த்து, அம்மாளுக்கு வியாதியே இல்லை, எல்லாம் மனசு என்று சொல்கிறவர்கள் உண்டு. என் நண்பர் சொன்ன மன உறுதியும் இதுவும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்தாம். மனசால் வியாதியை வெல்லலாம் என்றால், வெல்லாதவன் மனசு கெட்டவன் என்றுதானே ஆகிறது?

என் மனைவியின் கேள்விக்குப் பதில், 1875ல் வெளியான அவருடைய ஹவாய்த் தீவு நூலில் இருந்தது. அக்காலத்து ஆங்கிலப் பெண்கள் இரண்டு காலையும் ஒரே பக்கமாகப் போட்டுக் குதிரைமேல் உட்கார வேண்டும், அதுதான் மரியாதை. அப்படி உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். வலி தாங்காமல் பிரயாணத்தையே கைவிடும் நிலைக்கு வந்தார். ஹவாய்ப் பெண்கள் ஆண்களைப்போல் இருபுறமும் கால் போட்டு உட்காருவதைக் காட்டி, நீங்களும் அப்படியே செய்து பாருங்கள் என்று அங்கே ஒருவர் யோசனை சொன்னார். செய்தார். வலி குறைந்தது. அவ்வளவுதான். அந்தச் சேணத்தில் உட்கார்ந்துதான் ராக்கி மலைகளில் நூற்றுக்கணக்கான மைல் போனார். ஆண் உடை உடுத்தியதாக ஒரு லண்டன் பத்திரிகை எழுதியபோது கோபப்பட்டு, தன் உடை எப்படிப்பட்டது என்று அடுத்த பதிப்பில் விளக்கம் சேர்த்தார்.

ஆக, அவரை வாட்டிய வலியில் ஒரு பங்கு முதுகெலும்பினுடையது. இன்னொரு பங்கு ஊரார் போட்டுக் கொடுத்த ஆசனத்தினுடையது. எது எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆசனத்தை மாற்ற முடிந்தது, மாற்றினார். 1878ல் ஜப்பானின் வடபகுதிக்குப் போனபோது சொந்தச் சேணத்தையும் மடக்குக் கட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டார். உடம்பு முடியாத நாளில் தங்கிவிட்டார். இதில் வீரம் எங்கே இருக்கிறது? நல்ல குடும்பஸ்திரீ பிரயாணத்துக்கு மூட்டை கட்டுகிற யோசனைதான் இருக்கிறது.

நான் பஸ் ஏறுவதற்குக் காரணமாக இருந்த அந்த மலையுச்சிக்கு வருகிறேன். கொலராடோவில் லாங்ஸ் பீக் என்ற சிகரம், 14,000 அடிக்கு மேல். 1873ல் அவர் அதில் ஏறினார். ஆனால் எப்படி ஏறினேன் என்று அவரே சொல்கிறார். ஜிம் என்ற ஒற்றைக்கண் வேட்டைக்காரன் தன்னை மூட்டையை இழுப்பதுபோல இழுத்துப்போனான் என்கிறார். தனக்கு அங்கே வேலை இல்லை என்றும், அவன் இல்லாவிட்டால் தான் ஏறியிருக்கவே முடியாது என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "தனியாக ஏறினாள்" என்று மனசில் பதித்துக்கொண்டவன் நான். ஆசிரியர் எழுதியது ஒன்று, வாசகன் விரும்பியது வேறு.

செகாவைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம். மூன்றில் இலக்கியமாக உயர்ந்தது அவருடையதுதான். நோயாளியாகப் பார்த்தால் மோசமான முன்மாதிரியும் அவரேதான். 1884 முதலே அவருக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் வைத்தியர், அதன் அர்த்தம் தெரியாதவர் அல்ல. 1890 வசந்தத்தில் புறப்பட்டு, சைபீரிய ரெயில் போடாத காலத்தில், சேற்றிலும் வெள்ளத்திலும் குதிரை வண்டியில் போய், ஜூலையில் சகலின் சேர்ந்தார். மூன்று மாதம் தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, கைதிகளையும் குடியேறியவர்களையும்பற்றி ஆயிரக்கணக்கில் விவரச் சீட்டுகள் நிரப்பினார். அந்த நூலின் கடைசி அத்தியாயம் தீவிலுள்ளவர்களின் வியாதிகளைப்பற்றியது. தம் வியாதியைப்பற்றி நூலில் அவர் பேசுவதே இல்லை.

அந்த மௌனம் நூலுக்குப் பெருமை. கைதிகளின் துன்பத்துக்கு நடுவே தம் இருமலைக் கொண்டுவந்து வைக்க அவருக்குக் கூச்சம். ஆனால் அதே மௌனத்தைத் தமக்குத்தாமேயும் கடைப்பிடித்தார். 1897ல் ஒரு ஹோட்டலில் ரத்தம் கொட்டிய பிறகுதான் முறையான சிகிச்சைக்கு உட்பட்டார். 1904ல், 44 வயதில் இறந்தார்.

இந்த மௌனம் ஒரே ஓர் இடத்தில் கலைகிறது. திரும்பும் வழியில் கப்பல் சிங்கப்பூர் சேருமுன் இரண்டு பேர் இறந்து கடலில் விடப்பட்டார்கள். பிறகு இலங்கையில் இறங்கிச் சில நாட்கள் தங்கினார். கொழும்பில் 'கூஸெவ்' என்ற கதையைத் தொடங்கினார். ஊர் திரும்பும் நோயாளிகள் கப்பலின் ஆஸ்பத்திரி அறையில் கிடக்கிறார்கள். அவர்களில் பாவெல் இவானிச் என்று ஒருவன். தனக்கு நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, இது வயிற்றுக் கோளாறால் வரும் இருமல் என்று சாதிக்கிறான். பிறகு இறந்துபோகிறான். வைத்தியர் செகாவ் சொல்லாததை ஆசிரியர் செகாவ் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரயாண நூல் மறைத்ததைக் கதை காட்டிக்கொடுத்துவிட்டது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் அபிப்பிராயம் இதுதான். நோயாளி எழுதும் பிரயாண நூல், எவ்வளவு தூரம் போனான் என்பதில் நிற்கவில்லை. எதை விட்டுக்கொடுத்தான், யாரிடம் உதவி கேட்டான், எங்கே தங்கினான் என்பதில் நிற்கிறது. அதைச் சொல்லாத நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் படிக்கிறவனுக்கு ஆபத்து. நாமும் பிரயாணக் கட்டுரைகள் நிறைய எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். மூன்று நாளில் பதினொரு கோயில் பார்த்தேன் என்று ஒருமுறை எழுதி அச்சாகியிருக்கிறது. அந்தக் கட்டுரையில் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. இப்போது படித்தால் கோயிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் குற்றாலம் புறப்பட்டேன். ஒரே நாளில் போகவில்லை. முதல்நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கினேன். ஒரு பஞ்சுத் திண்டைக் கையோடு எடுத்துப்போனேன். பெட்டியை என் மருமான் தூக்கிவந்தான். முன்பெல்லாம் இதற்கு வெட்கப்பட்டிருப்பேன். குற்றாலத்தில் பேரருவியின் அடியில் போய் நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் முதுகில் விழுகிற வேகம் எனக்கு ஆகாது. எட்டவே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்களையும் குளிர் தாங்காமல் கத்துகிற குழந்தைகளையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாகப் போய்வந்த இடம். அந்த ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

புத்தகங்களை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வியாதிக்காரர் வேறு யாருக்காவது கொடுப்பதானால், என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.